சட்டிக்கா, விளக்குக்கா?

(மெல்பேர்ண், டண்டினோங்கில் நடந்த இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். சிட்னியிலிருந்து இணைய வழியாகக் கலந்துகொண்ட தோழர்கள் கேட்டதற்கிணங்க இங்கே தருகிறோம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



இந்த மண்டபம் நிற்கிற நிலம் பூனுரோங் மக்களின் நிலம். அவர்கள் இதை ஒருநாளும் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டத் தொடக்கத்தில் இதைச் சொல்லிப்போட்டு மறக்கிறது எங்கட பழக்கமாப் போச்சு. இண்டைக்கு நான் பேச்சின் கடைசியில் திரும்ப இதுக்கு வருவன்.

என்னை ஏன் கூப்பிட்டனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். நவம்பர்க் கண்காட்சியில் பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றி ஒரு மேசை வைக்கிறீங்கள். அதில ஒரு ஜாம் போத்தல் விளக்கு எரியவேணும், அக்கா வந்து செய்து காட்டவேணும் எண்டு கேட்டீங்கள். பேந்து போன கிழமை இன்னொரு செய்தி வந்தது: "அக்கா, மண்டபத்துக்குள்ள மண்ணெண்ணெய் கொண்டுவர விடமாட்டினமாம். சமையல் எண்ணெய் விட்டு எரிக்கலாமோ?"

சின்னக் கேள்விதான். ஆனா ரெண்டு நாள் அது என்னை நித்திரை கொள்ள விடேல்ல.

முதல் வேலையா வீட்டில செய்து பார்த்தன். வெறும் வெஜிமைற் போத்தல் ஒண்டு. மூடியில ஆணியால ஓட்டை. பஞ்சுத் திரி. அரைப் போத்தல் கனோலா எண்ணெய். பற்ற வைச்சா வடிவா எரிஞ்சுது. ரெண்டு நிமிசம். பிறகு சுடர் சின்னதாகி, திரியின் நுனி சிவந்து, புகைஞ்சு நூந்துபோச்சு. மூண்டு தரம் செய்தன். மூண்டு தரமும் அதே கதை.

காரணம் கஷ்டமானதில்லை. திரி தன்பாட்டில் எரிவதில்லை. அது கீழிருந்து எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. எரிவது அந்த எண்ணெயின் ஆவி. மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி மெல்லியது, நீளத் திரியிலும் சுலபமாக ஏறும். சமையல் எண்ணெய் அதைவிட முப்பது மடங்குக்கு மேல் தடிப்பு. ஒரு சில சென்ரிமீற்றர் ஏறுவதற்குள் களைத்துவிடும். எண்ணெய் வந்து சேருமுன் திரியே எரிந்து கருகிவிடும். எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ எண்டு ஊரில சொல்லுறது இதைத்தான்.

அதாலதான் கார்த்திகை விளக்கீட்டுச் சிட்டியைப் பாருங்கோ, எவ்வளவு தட்டையா இருக்கு. திரி வாயோரத்தில், எண்ணெய் அதுக்கு நேரே கீழே. ஏறவேண்டிய தூரமே இல்லை. குத்துவிளக்கின்ர தகழியும் அப்பிடித்தான். மண்ணெண்ணெய் வருகிறதுக்கு முதல் எங்கட ஊர்களில் எரிஞ்சது எல்லாம் இலுப்பெண்ணெய், புன்னையெண்ணெய், ஆமணக்கெண்ணெய், தேங்காயெண்ணெய். எல்லாம் தடிச்ச எண்ணெய்கள். அந்த விளக்குகளைச் செய்த குயவர்களும் கன்னார்களும் தடிப்பை அறிஞ்சுதான் தகழியைத் தட்டையாக்கினவை. உயரமான போத்தல் மண்ணெண்ணெய்க்குப் பிறகு வந்த வடிவம்.

ஆகவே பதில்: எரிக்கலாம், ஆனா ஜாம் போத்தல் விளக்கா எரிக்க ஏலாது. வேற விளக்குச் செய்யவேணும். எப்பிடி எண்டு கடைசியில சொல்லுறன். அதுக்கு முதல், சமையல் எண்ணெயை விளக்கில விட்ட ஒரு வீட்டின்ர கதையைச் சொல்லவேணும். எங்கட வீடு.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கினது. அந்த வருசமே யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நிண்டது. பிரேமதாசா அரசாங்கம் வடக்குக்குப் போகக்கூடாத பொருள்களுக்குப் பட்டியல் போட்டது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மெழுகுதிரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. மண்ணெண்ணெய் அளந்து வந்தது. சங்கக்கடையில் காட்டைக் காட்டி, வரிசையில் நிண்டு, போத்தல் கணக்கில வாங்கவேணும். வெளியில வாங்கினா விலையைக் கேட்டே மயக்கம் வரும்.

அந்த வரட்சியில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. சிக்கன விளக்கு எண்டும் சொல்லுவம். எங்கட வீட்டில செய்தது இப்பிடி: போத்தலின்ர அடியில பஞ்சு. பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின்ர வால்வுக் கட்டைக்குள்ள திரி. அதை ஒரு கம்பியால போத்தலுக்குள்ள நிறுத்தி வைக்கிறது. சுடர் போத்தலுக்குள்ளயே எரியும்; கண்ணாடிதான் சிமினி. காத்துக்கு அணையாது, எண்ணெய் குடிக்காது. அந்த வெளிச்சத்தில படிச்சுப் பரீட்சை எழுதின ஒரு தலைமுறையே இருக்கு. உங்கட அப்பா அம்மாவும் அதில இருக்கலாம்.

உங்களுக்கு இந்தக் கதை தெரியும். எங்கட ஆக்கள் கூடினா இதைத்தான் சொல்லுவினம். மண்ணெண்ணெயில ஓடின மோட்டார் சைக்கிள், ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல். சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டது. சாம்பலில பாத்திரம் மினுக்கினது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை எண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினம். நானும் சொல்லியிருக்கிறன். பொய்யில்லை, எல்லாம் நடந்தது.

ஆனா அந்தக் கதையில ஒரு சட்டி இல்லை. எங்கட அம்மாவின்ர சட்டி.

1993. எனக்குப் பன்னிரண்டு வயசு. அண்ணா ஏ.எல். படிச்சார். சங்கக்கடை மண்ணெண்ணெய் அண்ணாவின்ர விளக்குக்குப் போகும். அதில ஒருத்தரும் கை வைக்க ஏலாது. எனக்கு என்ன வெளிச்சம்? எங்கட வளவில ஏழு தென்னை நிண்டது. அம்மா தேங்காய் திருவி, பால் பிழிஞ்சு, காய்ச்சி எண்ணெய் எடுத்தா. பத்துப் பன்னிரண்டு தேங்காய் போட்டால் ஒரு போத்தல் வரும். அதில இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயை ஒரு மண்சிட்டியில விட்டு, பழைய வேட்டிக் கரையில திரிச்ச திரி போட்டு எனக்குத் தருவா. மூண்டு, நாலு மணித்தியாலம் எரியும். கொப்பியின்ர அரைப்பக்கம்தான் தெரியும். மற்றப் பாதியை வாசிக்கக் கொப்பியை நகர்த்தவேணும்.

அந்த ரெண்டு கரண்டி எங்கயிருந்து வந்தது?

அது சட்டியில விழவேண்டிய எண்ணெய். கடுகு வெடிக்கவேண்டிய எண்ணெய். எங்கட வீட்டில அந்த வருசம் அப்பளம் பொரிக்கேல்ல. பருப்பு தாளிக்காமல் வந்தது. கத்தரிக்காய் அவிச்சு வந்தது. அம்மாவின்ர தலைமயிர் எண்ணெயில்லாமல் தும்புமாதிரிக் கிடந்தது. எனக்கு மட்டும் கிழமைக்கு ஒருக்கா வைச்சுவிடுவா. பின்னேரம் ஆறு மணிக்கு அம்மா குசினியில அந்தப் போத்தலைத் தூக்கி, சரிச்சு, மட்டம் பார்ப்பா. பார்த்துப்போட்டுத்தான் கரண்டியை எடுப்பா. சட்டிக்கா, விளக்குக்கா? ஒவ்வொரு நாளும் அந்த முடிவை அவ தனிய எடுத்தா. ஒருத்தரும் அவவிட்ட என்ன முடிவெடுத்தனீங்கள் எண்டு கேட்டதில்லை. அவ சமைச்சது அடுப்பு வெளிச்சத்தில. சாப்பிட்டது இருட்டில.

பொருளாதாரத் தடை எண்டு நாங்கள் எழுதுகிற கட்டுரைகளில் அரசாங்கம் இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. அந்தத் தடையை ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்குக் கரண்டியால பங்கிட்டது பெண்கள். அந்த உழைப்புக்கு எங்கட வரலாற்றில் பெயரில்லை. கெட்டித்தனம் எண்டு நாங்கள் பெருமைப்படுகிறது பாதிக்கு மேல் அவையின்ர பட்டினி.

இன்னுமொரு விசயம் இருக்கு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம். இவ்வளவு வருசமும் ஒரு மேடையிலயும் சொல்லேல்ல.

ஏழு தென்னை எண்டு சொன்னன். எல்லா வளவிலயும் தென்னை நிக்கேல்ல. எங்கட வளவுக்குப் பின்னால இருந்த குடும்பத்துக்கு இருந்த காணி வீட்டின்ர நிழல் விழுகிற அளவுதான், அதுவும் அவையின்ர பேரில இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை என்ர வகுப்பு. என்னைவிடக் கெட்டிக்காரி. அவையிட்டத் தேங்காயும் இல்லை, காய்ச்சி எண்ணெய் எடுக்க விறகும் இல்லை. சங்கக்கடை மண்ணெண்ணெய் கிடைச்சால், அரிசி வாங்கிறதுக்காக அதையே வித்துப்போடுவினம். அவள் பின்னேரத்தில எங்கட வீட்டுக்குப் படிக்க வருவாள். என்ர சிட்டி விளக்கு விறாந்தை வாசலில இருக்கும். நான் உள்ளுக்கு. அவள் படியில. உள்ள வா எண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் சொல்லேல்ல. அம்மாவும் சொல்லேல்ல. நானும் சொல்லேல்ல. ஏன் எண்டு எல்லாருக்கும் தெரியும். அரைப்பக்கத்துக்குக் காணாத வெளிச்சம் எண்டு சொன்னனே, அதின்ர மிச்சத்தில அவள் படிச்சாள்.

ஊர் முழுக்க இருட்டு. முழு உலகமும் எங்களைக் கைவிட்டிட்டுது எண்டு கதைச்சுக்கொண்டிருந்த காலம். அப்பவும் எங்கட சாதிக்கு அந்த இருட்டில வழி தெரிஞ்சது. அவளின்ர பேரைச் சொல்ல நான் அவளிட்ட அனுமதி கேட்கேல்ல, ஆனபடியால் சொல்லேல்ல. ஆனா தடைக் காலத்தில நாங்கள் எல்லாரும் ஒரேமாதிரிக் கஷ்டப்பட்டம் எண்டு யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்பாதேங்கோ. தென்னை நிண்ட வளவுக்கும் நிக்காத வளவுக்கும் இடையில வேலி இருந்தது.

நேர்மையாப் பேசவேணும் எண்டால் இன்னும் ரெண்டு சொல்லவேணும். எண்ணெயைத் தடுத்தது கொழும்பு. அதில் சந்தேகமில்லை, அது மக்கள் மேல் நடத்திய போர். ஆனால் தடையைத் தாண்டி உள்ளே வந்த பொருள்களில் இயக்கம் வரி எடுத்தது. வியாபாரிகள் பதுக்கி லாபம் எடுத்தார்கள். ரெண்டும் கடைசியில் வந்து விழுந்தது குசினியில்தான். மற்றது, அதே 1990இன் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டே மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் துரத்தினார்கள். சோனகத் தெருவில் அன்றைக்கு நூந்த விளக்குகள் மண்ணெண்ணெய் இல்லாமல் நூந்தவை அல்ல. எங்கட மேசையில் விளக்கு வைக்கும்போது அந்தத் தெருவுக்கும் ஒரு இடம் வைக்கவேணும்.

இனி மண்ணெண்ணெயைப் பற்றி. மண்டபக்காரர் கொண்டுவர விடமாட்டினம் எண்டு நீங்கள் சலிச்சுக்கொண்டீங்கள். அவை சரி.

மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானாலே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடத் தொடங்கலாம். மெல்பேர்ணின் கோடையில் நிழலிலேயே அந்தச் சூடு வரும். சமையல் எண்ணெய்க்கு அந்த அளவு 300 பாகைக்கு மேல். மண்ணெண்ணெய் விளக்குச் சரிஞ்சால் சீலை பிடிச்ச பிறகுதான் சரிஞ்சதே தெரியும். தேங்காயெண்ணெய்ச் சிட்டி சரிஞ்சால் அனேகமா நூந்துபோகும். இலங்கையில் தடையிருந்த வடக்கில் மட்டுமில்லை, மின்சாரம் எட்டாத எல்லாக் கிராமங்களிலும், மலையகத்து லயங்களிலும் பழைய போத்தலிலும் ரின்னிலும் செய்த குப்பி விளக்குகள் சரிந்து சனம் எரிந்தது. கூடுதலாகப் பெண்களும் பிள்ளைகளும். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, காயத்துக்கு மருந்து கட்டினால் போதாது, விளக்கை மாற்றவேணும் என்று முடிவெடுத்தார். 1990களின் தொடக்கத்தில் அவர் ஒரு விளக்கைச் செய்தார். கட்டையானது, பாரமானது, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, எண்ணெய் சிந்தாமல் இருக்கத் திருகு மூடி. யோசனை அவருக்கு வந்தது மார்மைற் போத்தலைப் பார்த்து. சுதீப என்று அதற்குப் பெயர். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

ஒரே காலம், ஒரே தீவு. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை ஜாம் போத்தலில் விளக்குச் செய்தது. தெற்கில் ஒரு மருத்துவர் மார்மைற் போத்தலைப் பார்த்து விளக்குச் செய்தார். இரண்டு பக்கமும் எரிந்தது ஏழைகள். இதை நாங்கள் ஒன்றாக வைத்துப் பேசுவதில்லை. பேசவேண்டும்.

எரிபொருளும் வெளிச்சமும் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது பழைய கதை. 1830களில் இலண்டனில் மெழுகுதிரி செய்த பிரைஸ் கம்பனி இலங்கையில் தென்னந்தோட்டங்களையே வாங்கி வைத்திருந்தது. எங்கள் தீவின் தேங்காயெண்ணெய் அங்கே போய் மெழுகுதிரியாகி அவர்களுடைய வீடுகளில் எரிந்தது. நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு அதே தீவில் மெழுகுதிரி தடைசெய்யப்பட்ட பொருள்.

இன்றைக்கு? 2008 ஏப்ரலில் காசாவில் எரிபொருள் தடுக்கப்பட்டபோது வாடகைக் கார்கள் சமையல் எண்ணெயில் ஓடின; தெருவெல்லாம் பொரியல் வாசம் என்று செய்தி வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அது வேடிக்கைச் செய்தி. எனக்கு அதை வாசிக்கும்போது வாசம் வரவில்லை, அம்மாவின்ர போத்தல் மட்டம்தான் வந்தது. அந்தக் காரில போன எண்ணெய் எந்தச் சட்டியிலிருந்து வந்தது? 2023 ஒக்டோபர் 9ஆம் திகதி இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் காசாவுக்கு மின்சாரம் போகாது, உணவு போகாது, எரிபொருள் போகாது என்று கமராவுக்கு முன்னால் நின்று அறிவித்தார். இரண்டு நாளில் காசாவின் ஒரேயொரு மின்நிலையம் எரிபொருளில்லாமல் நின்றது. எங்களுக்குப் பட்டியல் போட்டவர்களாவது பாதுகாப்புக் காரணம் என்று பூசி மெழுகினார்கள்.

தடையில்லாத இடத்திலும் இந்தக் கேள்வி உண்டு. அங்கே சந்தை கேட்கும். உலகத்தில் அதிகம் பாமெண்ணெய் எடுக்கிற நாடு இந்தோனேசியா. 2022இல் அந்த நாட்டிலேயே பெண்கள் சமையல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் கடைசியில் அரசாங்கம் ஏற்றுமதியைச் சில கிழமைகளுக்கு நிறுத்தவேண்டி வந்தது. அதே வேளை அங்கே டீசலில் 30 வீதம் பாமெண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. சட்டிக்கா, வண்டிக்கா? நான் வெஜிமைற் போத்தலில் விட்ட கனோலாவும் அப்படித்தான். இந்த நாட்டில் விளைகிற கனோலாவில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போய் அங்கே பயோடீசலாகிறது. அதை முடிவெடுப்பது ஒரு தாயின் கரண்டி இல்லை, விலை.

அதே 2022இல் இலங்கையும் இருட்டில் இருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலையை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏற்றினார்கள். மீன்பிடிப் படகும் லயத்து விளக்கும் ஓடுவது மண்ணெண்ணெயில். கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் சனம் போனதைக் கொண்டாடினோம், சரி. அந்தச் சனம் கலைந்த பிறகு யாருடைய விளக்கில் கை வைத்தார்கள் என்று பார்த்தோமா?

இனி இந்த நிலத்துக்கு வாறன். தொடக்கத்தில சொன்னனான்.

வட ஆள்புலத்தின் தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் மின்சாரம் முன்கட்டண மீற்றரில் வருகிறது. காசு போட்டால் எரியும். காசு முடிந்தால் நிற்கும். கடிதம் வராது, அவகாசம் இல்லை. 28 குடியிருப்புகளில் ஏறத்தாழ 3,300 வீடுகளின் 2018-19 கணக்கை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நேச்சர் எனர்ஜி இதழில் அது வெளிவந்தது. 91 வீதமான வீடுகளில் அந்த ஒரு வருசத்தில் மின்சாரம் ஒருமுறையாவது நின்றது. 74 வீதமான வீடுகளில் பத்து முறைக்கு மேல் நின்றது. கடும் வெயில் நாளிலும் கடும் குளிர் நாளிலும் கூடுதலாக நின்றது. குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருக்கிற வீடுகள் அவை. அங்கேயும் ஒரு தாய் பின்னேரம் மீற்றரைப் பார்க்கிறா. சாப்பாட்டுக்கா, மீற்றருக்கா?

உலகத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும் ஏற்றி விற்கிற நாடு இது. அந்த எரிவாயுவில் ஒரு பகுதி இருக்கிறது பூர்வகுடி மக்களின் நிலத்துக்குக் கீழே.

யாழ்ப்பாணத்துத் தடையைப் பற்றிப் பேசுற எங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருந்தால் எங்கட விளக்கு வெறும் நினைவுப்பொருள். நவம்பர் மேசையில் அந்த முன்கட்டண மீற்றர் பற்றி ஒரு பலகை இருக்கவேணும். அதைப் பற்றிப் பேச அங்கேயிருந்து வந்து இங்க வேலை செய்யிற பூர்வகுடித் தோழர்களைக் கூப்பிடுங்கோ. நாங்கள் அவைக்காகப் பேசுறதில்லை, அவைக்கு மேசையில இடம் விடுறம்.

சரி, விளக்கு. கொப்பியை எடுங்கோ.

கட்டையான, அகலமான வாயுள்ள கண்ணாடிப் போத்தல். உயரமானது வேண்டாம், சரியும். அரைவாசிக்குத் தண்ணி. அதுக்கு மேல ஒரு விரல் தடிப்புக்கு எண்ணெய், எண்ணெய் மிதக்கும். கனோலாவும் சரி, பழைய நல்லெண்ணெயும் சரி. போத்தல் அடைக்கிற தக்கையில மெல்லிய வட்டம் ஒண்டு வெட்டி, நடுவில ஓட்டை போட்டு, மேல்பக்கத்துக்கு அலுமினியத் தாள் சுத்துங்கோ. ஓட்டைக்குள்ளால பஞ்சுத் திரி. மேலே அரை சென்ரிமீற்றர் தெரிஞ்சால் போதும், அடிநுனி எண்ணெய்க்குள்ள நிக்கட்டும். சுத்தமான பருத்தி மட்டும். நைலோன், பொலியெஸ்ரர் உருகும். முதல்ல திரியை எண்ணெயில நனைச்சுப் பிழிஞ்சு பிறகு பற்ற வையுங்கோ. எண்ணெய் முடிஞ்சால் தண்ணி திரியைத் தொடும், சுடர் தானா நூரும். சுடர் போத்தலின்ர கரையில முட்டாமல் பாருங்கோ, கண்ணாடி வெடிக்கும். நூர்க்கிறதுக்கு மூடியால மூடுங்கோ, மேலால தண்ணி ஊத்தவேண்டாம். குசினியில எண்ணெய்ச் சட்டி பற்றினாலும் அதேதான்: தண்ணி ஊத்தக் கூடாது, மூடியால மூடி அடுப்பை நிப்பாட்டவேணும்.

வெளியில ஏத்துறதா இருந்தால் அண்டைக்கு முழுத் தீத்தடை நாளோ எண்டு முதல்ல பாருங்கோ. நவம்பர் கடைசியில் வரலாம். தடை நாளெண்டால் உள்ளுக்கு, அதுவும் மண்டபக்காரரிட்டக் கேட்டு.

இன்னொரு வேண்டுகோள். விளக்குக்குப் பக்கத்தில ஒரு சட்டி வையுங்கோ. வெறும் தாச்சி. ஒண்டும் எழுதவேண்டாம். பார்க்க வாற அம்மாமார் நிச்சயமா நிப்பினம். "இது ஏன் பிள்ளை?" எண்டு கேப்பினம். அப்ப நீங்கள் கதையைச் சொல்லாதேங்கோ. "உங்கட வீட்டில அந்த நேரம் என்ன பொரிக்கேல்ல?" எண்டு திருப்பிக் கேளுங்கோ. பதிவு செய்ய அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கோ. என்ர தலைமுறை அதைக் கேட்கேல்ல. எங்கட அம்மாமாருக்கு வயசு போட்டுது.

என்ர அம்மாவிட்ட நான் ஒரே ஒரு தரம் கேட்டன். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணம் முழுக்க மழையில இடம்பெயர்ந்த இரவு. நாவற்குழிப் பாலத்தில சனத்தோட சனமா நகர்ந்துகொண்டு நிக்கிறம். அம்மாவின்ர பையில உடுப்பு ரெண்டு, அடையாள அட்டைகள், தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒண்டு. சிட்டியை விட்டிட்டு வந்திட்டா. விளக்கை விட்டிட்டு ஏன் எண்ணெயைத் தூக்கினனீங்கள் எண்டு கேட்டன். "விளக்கு எதிலயும் செய்யலாம். எண்ணெய்க்கு எங்க போறது?" எண்டா.

அந்தப் போத்தலை அம்மா தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூடத்தில, எங்களோட தங்கியிருந்த ஒரு குடும்பத்தின்ர கைக்குழந்தைக்குச் சட்டி வைக்கத்தான் திறந்தா. அண்டைக்கு இரவு நாங்கள் இருட்டில இருந்தம்.

அவ்வளவுதான். சனிக்கிழமை பத்து மணிக்குப் போத்தலும் பஞ்சும் கொண்டு வாங்கோ, எண்ணெய் நான் கொண்டு வாறன். இப்ப கேள்வியள் இருந்தால் கேளுங்கோ. சிட்னித் தோழர்கள் முதல்ல கேளுங்கோ, உங்களுக்கு லைன் அடிக்கடி அறுகுது.